மூன்றாவது வரிசையில் 22 வெறும் ஆசனங்கள்



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். ஏசுவதற்கு வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

சென்ற மாதம் கண்டி நகரில் ஒரு மண்டபத்தில் மேலைத்தேய சாஸ்திரிய இசைக் கச்சேரி ஒன்று நடந்தது. மொஸார்ட், பீத்தோவன் காலத்து இசை பாதி, இன்று உயிரோடு இருப்பவர்கள் எழுதிய புதிய இசை பாதி. ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் நான்தான் வாய்விட்டுக் கேட்டேன்: "எங்கட பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் தருவீங்களா?" மறுபேச்சில்லாமல் 22 ஆசனங்கள் ஒதுக்கினார்கள். இலவசம். மூன்றாவது வரிசையும் அதற்குப் பின்வரிசையில் கொஞ்சமும். 20 பிள்ளைகள், நான், எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சர்.

தரம் 8, 9 பிள்ளைகள். வீடுகளுக்குக் கடிதம் கொடுத்தோம். 20 வீட்டிலும் உம்மாவோ வாப்பாவோ கையொப்பம் வைத்து அனுப்பினார்கள். வேன் பேசியாயிற்று. இரண்டு நாளைக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் கட் சுற்றியது. "ஸேர்மார் பிள்ளைகளைக் கூத்துப் பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்க. பெற்றோரே, விழித்துக்கொள்ளுங்கள்." பேசியவருக்கு எங்கள் பாடசாலையில் பிள்ளை இல்லை. கடிதத்தையும் அவர் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை விடுங்க ஸேர்" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பாடசாலையைக் கொண்டு நடத்துகிறவருக்கு ஆயிரம் தலைவலி.

நான் மனைவியையும் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் இடம் எடுத்து உட்கார்ந்தோம். மண்டபம் நிறைந்திருந்தது, சிலர் சுவரோரமாக நின்றார்கள். அந்த 22 ஆசனங்களிலும் எங்கள் பாடசாலையின் பெயர் எழுதிய கடதாசி ஒட்டியிருந்தது. யாரும் உட்காரவில்லை. இடைவேளையில், வாசலில் நின்ற சிங்களப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து கேட்டாள்: "சேர், லமய் ஆவே நெத்த?" பிள்ளைகள் வரவில்லையா என்று.

காய்ச்சல் என்று பொய் சொன்னேன். 20 பேருக்கும் காய்ச்சல். அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்தப் பொய்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

*

முதலில் மார்க்கம். நான் ஆலிம் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் படித்து வந்த சாதாரண ஆசிரியர். ஃபத்வா கொடுக்க வரவில்லை.

இசைக்கருவிகள் கூடாது என்பது நான்கு மத்ஹபிலும் பெரும்பாலான இமாம்களின் கருத்து என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஷாஃபிஈ கிதாபுகளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மாறாக இப்னு ஹஸ்ம் போன்றவர்கள் எழுதியிருப்பதும் தெரியும். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் செவிமடுத்தல் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதி, எது, எப்போது, யாருக்கு என்று பிரித்துப் பிரித்துப் பேசியிருப்பதும் தெரியும். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்கர் ரலி அவர்கள் கண்டிக்க நபியவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னதையும் மத்ரஸாவில் ஓதிய எல்லோரும் கேட்டிருப்போம்.

கருவி இசை கூடாது என்று நம்பி, அதன்படி வாழ்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் டீவி இல்லை. போனில் பாட்டு இல்லை. மகளின் நிகாஹ் பள்ளியில், சாப்பாடு வீட்டில். அப்படிப்பட்ட ஒரு ஹாஜியார் என் பக்கத்து வீட்டுக்காரர். "என் பேரனை அனுப்பமாட்டேன் ஸேர்" என்று என்னிடம் நேரே சொன்னார். அவர் கையைப் பிடித்து ஸலாம் சொன்னேன். அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை மற்றவர்களோடு. கச்சேரி நடந்த அதே வாரம் எங்கள் பக்கத்தில் இரண்டு வலீமா. இரண்டிலும் ஸ்பீக்கர் வைத்து, நெஞ்சு அதிரப் பாட்டு. மாப்பிள்ளை உள்ளே வருவதற்கு ஒரு பாட்டு, கேக் வெட்டுவதற்கு ஒரு பாட்டு. வீடியோக்காரர் ட்ரோன் விட்டு எடுத்து, அதற்கும் ஹிந்திப் பாட்டுப் போட்டுக் கொடுக்கிறார். அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து புரியாணி சாப்பிட்ட கூட்டத்தில்தான் அந்த வொய்ஸ் கட்டை ஃபோர்வர்ட் பண்ணியவர்களும் இருந்தார்கள். அக்குறணை பஸ்ஸில் ஏறினால் கண்டி வரும்வரை தலைக்கு மேல் பாட்டு. அதைப் பற்றி ஒரு வொய்ஸ் கட் வந்ததா? தரம் 6 பிள்ளையின் கையில் போன். இரவு பன்னிரண்டு மணிவரை டிக்டொக். அதில் வரும் பாட்டின் வரிகளை இங்கே என்னால் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன்.

ஆபாசம் கலந்த பாட்டு நாளெல்லாம் காதில் விழுந்தால் பேச்சில்லை. வாய்ப்பேச்சே இல்லாத வயலின் இசையை ஒரு மணித்தியாலம், ஆசிரியரோடு, நேராக உட்கார்ந்து, சத்தம் போடாமல் கேட்டால் ஈமான் போய்விடும். இது என்ன கணக்கு? இதற்குப் பெயர் பேணுதல் என்றால், அந்த ஹாஜியாரிடம் இருப்பதற்கு என்ன பெயர்?

*

அடுத்த வாதம்: "அது எங்களுடையது இல்லை. வெள்ளைக்காரனுடையது."

அரபியர்களின் 'அல்ஊத்' ஸ்பெயின் வழியாகப் போய்த்தான் ஐரோப்பாவில் 'லூட்' ஆனது. பெயரைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே கேட்கும். வில்லால் இழுத்து வாசிக்கும் 'ரபாப்' அங்கே போய் 'ரெபெக்' ஆனது. வயலினின் மூதாதைகளில் அதுவும் ஒன்று. இசைக்குழுவின் பின்வரிசையில் நிற்கும் பெரிய செப்புப் பறைகளின் வழி 'நகரா'வுக்குப் போகிறது. உஸ்மானியப் படைகளின் மேளமும் கைத்தாளமும் கேட்டு மயங்கித்தான் மொஸார்ட் காலத்து ஐரோப்பாவில் 'துருக்கிப் பாணி' என்று ஒரு மோகமே எழுந்தது. பத்தாம் நூற்றாண்டில் அல்ஃபாராபி இசைக்கென்றே ஒரு பெரும் நூல் எழுதினார். நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் பெருமையோடு சொல்லும் அதே ஃபாராபிதான்.

இன்றைய காலத்துக்கு வாருங்கள். தபேலா மேதை ஸாகிர் ஹுஸைன் 2015இல் தபேலாவுக்கும் முழு சிம்பொனி இசைக்குழுவுக்குமாக 'பெஷ்கார்' என்ற இசையை எழுதினார். இலங்கையில் பிறந்து கனடாவில் வாழும் தினுக் விஜேரத்னவும் தபேலாவையும் மேலைத்தேய இசைக்குழுவையும் சேர்த்து எழுதியிருக்கிறார். புதிய சாஸ்திரிய இசை என்றால் வெள்ளைக்காரப் பிரபுக்களின் மாளிகை இசை என்று நினைப்பவர்கள் ஐம்பது வருடம் பின்னால் நிற்கிறார்கள்.

எங்கள் எல்லோருடைய நெஞ்சையும் தொடும் ஒன்றையும் சொல்கிறேன். பலஸ்தீனத்தில் 1993இல் தொடங்கிய ஒரு தேசிய இசைக் கல்லூரி இருக்கிறது. இன்று அதற்கு எட்வர்ட் ஸெய்தின் பெயர். காஸாவிலும் அதற்குக் கிளை. குண்டு விழுந்து எல்லாம் தரைமட்டமான பிறகும் அதன் ஆசிரியர்கள் கூடாரங்களுக்குள் பிள்ளைகளை வைத்து இசை படிப்பித்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத இடத்தில் எதற்கு அது? தாங்கள் மனிதர்கள் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. காஸாவுக்காகக் கண்ணீர் விடுகிற நாங்கள், அந்த உம்மாமார் தங்கள் பிள்ளைகளுக்கு விரும்புவதை எங்கள் பிள்ளைகளுக்குக் 'கூத்து' என்று சொல்கிறோம்.

சரி, வெளிநாட்டை விடுங்கள். இந்த மண்ணைப் பாருங்கள். வெசாக் காலத்தில் கண்டி வீதிகளில் ஒலிக்கும் பக்திப் பாடல்களில் பல யாருடைய குரல்? சேலத்திலிருந்து வந்து இந்த நாட்டவராகவே வாழ்ந்து 1991இல் மௌத்தான முஹிதீன் பேக். அவர் பாடியதை உங்கள் பிள்ளை பாடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அகீதா சம்பந்தப்பட்ட விடயம். ஆனால் சிங்கள மெல்லிசையின் அத்திவாரத்தில் அவரும் இசையமைப்பாளர் கவுஸ் மாஸ்டரும் இருக்கிறார்கள் என்பதை சிங்களவர்கள் மறக்கவில்லை. நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

கண்டி மாவட்டத்திலேயே, தெல்தோட்டைப் பக்கம் போப்பிட்டியில் 1866இல் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். 'சந்தத் திருப்புகழ்' பாடியவர். சந்தம் என்றால் தாளம். தாளம் தெரியாமல் அதை இயற்றவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. எங்கள் தரம் 9 வகுப்பில் கேட்டேன். அவர் பெயரை ஒரு பிள்ளையும் கேள்விப்பட்டிருக்கவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதா?

இந்த நகரத்தின் சித்திலெவ்வையையும் நினைத்துப் பாருங்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். தமிழில் வந்த முதல் சில நாவல்களில் அதுவும் ஒன்று. நவீன கல்வி வேண்டும் என்றதற்காக அன்று அவரையும் எங்கள் ஆட்கள் ஏசினார்கள். இன்று அவர் பெயரில் பாடசாலை வைத்திருக்கிறோம். அன்றைக்கு வட்ஸ்அப் இருந்திருந்தால் அவரைப் பற்றியும் ஒரு வொய்ஸ் கட் வந்திருக்கும்.

*

பாடசாலைக்கு வருகிறேன். இது என் தொழில். இங்கே நான் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

தரம் 6 முதல் அழகியல் பாடம் ஒன்று கட்டாயம். பாடத்திட்டத்தில் சித்திரம் இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது, நடனம் இருக்கிறது, நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. நான் படிப்பித்த எல்லாப் பாடசாலைகளிலும் சித்திரம் மட்டும்தான். சங்கீதம் வேண்டாம் என்பது உங்கள் முடிவு என்றால் சரி. நாடகம் ஏன் இல்லை? அதற்கு வயலின் தேவையில்லையே. யாரும் கேட்கவில்லை, அதனால் ஆசிரியரும் இல்லை. சித்திரம் வராத பிள்ளை மூன்று வருடம் சித்திரக் கொப்பியை வெறுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு அந்தப் பிள்ளையை 'மொக்கு' என்போம்.

என் வகுப்பில் ஒரு மகன். கணக்கில் 20 புள்ளி தாண்டமாட்டான். எந்த நேரமும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பான். எல்லா ஆசிரியரும் அடித்துப் பார்த்தாயிற்று. ஒருநாள் அடிக்காமல் நின்று கேட்டேன். ஏழு ஏழாக ஒரு தாளம். கொஞ்சமும் பிசகவில்லை. எங்கே பழகினாய் என்றேன். "நோன்பில சஹருக்கு எழுப்ப வாற பாவா தாயிரா அடிப்பாரே ஸேர், அதுல இருந்து" என்றான். அந்த 20 பேரில் முதல் பெயர் அவனுடையது. கையொப்பம் வாங்கிய கடிதத்தை அடுத்த நாள் காலையில் முதலாவதாகக் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான்.

அந்த இரவுக் கச்சேரியில் ஒரு புதிய இசை. செல்லோ வாசித்தவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அதன் மரத்தை விரல்களால் தட்டத் தொடங்கினார். என் சின்ன மகன் காதுக்குள் சொன்னான்: "வாப்பா, பாவா அடிக்கிற மாதிரியே இருக்கு." எனக்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. எங்கோ பிறந்த ஒரு கலைஞன் அவனுடைய மேசைத் தாளத்தை மேடையில் வைத்து வாசிக்கிறான், சபை மூச்சுவிடாமல் கேட்கிறது. அவன் அதைப் பார்த்திருந்தால், தான் மொக்கு இல்லை என்று ஒரு நாளாவது நினைத்திருப்பான். அவனிடமிருந்து அதைப் பறித்தது யார்?

அட்டாளைச்சேனையில் கலாசாலையில் படித்த காலத்தில் பொல்லடி பார்த்திருக்கிறேன். ரபான் அடித்துப் பைத் பாடுகிற முதியவர்களைக் கேட்டிருக்கிறேன். கிழக்கில் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. எங்கள் மலையகப் பக்கம் அதுவும் போய்விட்டது. பாவாமாரையும் 'பித்அத்' என்று துரத்தியாயிற்று. பழையதையும் விட்டோம், புதியதையும் தொடவில்லை. அந்த வெற்றிடத்தில் டிக்டொக் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும் என்று எந்த மடையன் சொன்னான்?

*

ஒரு பக்கத்தை மட்டும் ஏசினால் நியாயமில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. சிங்கள நண்பர்கள் சிலர் இதை மொழிபெயர்த்து வாசிப்பார்கள், வாசிக்கட்டும்.

உங்கள் போஸ்டர் ஆங்கிலத்தில் இருக்கிறது. சில வேளை சிங்களத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு வரி இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நிகழ்ச்சி தொடங்குவது மாலை 6.30க்கு. அது மஃரிப் நேரம் என்று இந்த நகரத்தில் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, பாங்கு உங்களுக்கும் கேட்கிறது. அரை மணித்தியாலம் தள்ளி வைத்தால் என்ன? நோன்பு மாதத்து இரவில் வைத்துவிட்டு "முஸ்லிம்கள் வருவதில்லை" என்கிறீர்கள். நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு அழைப்பிதழ் போகிறது. தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கு வருவதில்லை. நான் கேட்டதால்தான் 22 ஆசனம் கிடைத்தது. கேட்காதவர்களுக்கு?

செய்ய முடியாத காரியமும் இல்லை. இலங்கையில் 'த மியூசிக் புரொஜெக்ட்' என்று ஒன்று நடக்கிறது. குருநாகல் பிள்ளைகளுக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கும் வயலின், புல்லாங்குழல் எல்லாம் படிப்பித்து ஒரே மேடையில் ஏற்றுகிறார்கள். யுத்தம் தின்ற முல்லைத்தீவில் முடியும் என்றால் கண்டியில் ஏன் முடியாது?

பேராதனையையும் நினைத்துப் பாருங்கள். 1956இல் சரச்சந்திர 'மனமே'யைப் படைத்தார். அதன் உயிர் நாடகம் என்ற பழைய வடிவத்தின் பாட்டு. அந்த வடிவத்தின் வேரைத் தேடிப் போனால் தமிழ்க் கூத்தில் போய் நிற்கும். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 1964இல் 'இராவணேசன்' போட்டார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திறந்தவெளி அரங்கு இன்றும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2018 மார்ச்சை நாங்கள் மறக்கவில்லை. திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை. எரிந்த கடைகளும் பள்ளிகளும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. 2019க்குப் பிறகு பட்டதும் மறக்கவில்லை. அதன் பிறகு நல்லிணக்கம் என்று எத்தனை கூட்டம்! பள்ளி நிர்வாகமும் பன்சலையும் சேர்ந்து எத்தனை படம் எடுத்தோம்! பெரியவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, எங்கள் பிள்ளை மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் ஒரு மணித்தியாலம் உட்காரக் கூடிய இடம் இந்த நகரத்தில் எத்தனை? அப்படி ஓர் இடம் கிடைத்தது. நாங்கள் போகவில்லை. அடுத்த முறை "அவர்கள் எதிலும் கலந்துகொள்ளமாட்டார்கள்" என்று ஒருவன் பேசினால், அந்தச் சிங்களப் பிள்ளை என்ன நினைப்பாள்? அவள் கண்டது 22 வெறும் ஆசனங்களை.

*

இனி, செய்யவேண்டியது.

ஒன்று. வரும் மாதங்களில் நகரில் இன்னும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இசை, நாடகம், சித்திரக் கண்காட்சி எல்லாம். திகதி, நேரம், இடம் தெரிய வரும்போது இங்கே தமிழில் போடுகிறேன். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். தெரியாமல் இருக்கவேண்டாம்.

இரண்டு. கருவி இசை கூடாது என்று நம்புகிறவர்களே, உங்களிடம்தான் முதலில் வருகிறேன். ஹஸ்ஸான் பின் தாபித் ரலி அவர்கள் கவி பாட மஸ்ஜிதுன் நபவியில் மிம்பர் போடப்பட்டது. தஃப் ஆகும் என்கிறீர்கள், கவிதை ஆகும் என்கிறீர்கள். அப்படியென்றால் அருள்வாக்கிப் புலவரின் பாடல்களை ரபானோடு பாடும் ஒரு மாலையைச் சேர்ந்து செய்வோம். எழுத்தணிக் கண்காட்சி வைப்போம். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பாவோதலுக்கும் நாடகத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வோம். 'கூடாது' என்பதோடு நிறுத்தாமல் 'கூடும்' என்பதைச் செய்து காட்டுங்கள். என் பக்கத்து வீட்டு ஹாஜியார் புலவர் மாலைக்கு மண்டபச் செலவைத் தான் தருவதாகச் சொல்லிவிட்டார்.

மூன்று. பழைய மாணவர் சங்கங்களே, பாடசாலை அபிவிருத்திக் குழுக்களே, கேட்டுக்கு மேல் கேட்டு, வளைவுக்கு மேல் வளைவு கட்டியது போதும். நாடகத்துக்கும் அரங்கியலுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்று வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு கடிதத்தின் செலவு என்ன?

நான்கு. பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் வைத்த கையொப்பத்தை யாரோ ஒருவரின் வொய்ஸ் கட் அழிக்க விடாதீர்கள். சந்தேகம் என்றால் எனக்குக் கோல் எடுங்கள். இல்லை, நீங்களும் வாருங்கள். பிள்ளையின் பக்கத்திலேயே உட்காருங்கள். பிழையாக ஒன்று கண்டால் அந்த இடத்திலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.

ஏற்பாட்டாளர்களிடம் போய், காய்ச்சல் என்று சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். "தெரியும் சேர்" என்றார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கும் அதே 22 ஆசனங்கள், அதே மூன்றாவது வரிசை. மஃரிப் தொழுதுவிட்டு வர வசதியாக 7 மணிக்குத் தொடங்கவும், நிகழ்ச்சித் தாளில் தமிழும் போடவும் ஒத்துக்கொண்டார்கள். கேட்டதும் தந்தார்கள். இத்தனை வருடம் நாங்கள் கேட்கவில்லை.

மேசையில் தாளம் போடும் அந்த மகன் நேற்று வந்து கேட்டான், "இந்த முறை போவோமா ஸேர்?" என்று. உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

கேட்டுவிட்டேன்.

வஸ்ஸலாம்.